கேட்டுச்சொல்லி அத்தை கேட்காமல் சொன்னது

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தை ஆண்டவர் மகாராஜா என்று பாடப் புத்தகத்தில் படித்தேன். பரீட்சையிலும் அப்படியே எழுதி மார்க்கு வாங்கினேன். ஆனால் எங்கள் வண்டிக்காரத் தெருவைப் பொறுத்தவரை அது சுத்தப் பொய். எங்கள் தெருவை ஆண்டவள் எருமைப்பால் விற்ற ஓர் அம்மாள். அவளுக்குத் தர்பார் கிடையாது, சிப்பாய் கிடையாது. இடுப்பில் தெருக் கோயில் உண்டியல் சாவி, கையில் இரண்டு இலைப் பொட்டலம், அவ்வளவுதான். அந்த இரண்டு பொட்டலத்தை வைத்துக்கொண்டு நாற்பது வீட்டுக் கல்யாணம், வைத்தியம், குதிரை வியாபாரம் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொன்னாள். அப்பீல் கிடையாது.

எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் பதில், "இரு, ஆத்தாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்பதுதான். நாளைக்குப் பால் கூடுதலாகக் கிடைக்குமா? கேட்டுச் சொல்றேன். மழை வருமா? கேட்டுச் சொல்றேன். உங்கள் வீட்டு அம்மியைக் கொஞ்சம் தருகிறீர்களா? அதற்கும் கேட்டுச் சொல்றேன். இப்படியே அவளுக்குக் கேட்டுச்சொல்லி என்று பெயராகிவிட்டது. சிறுசுகளான எங்களுக்கு அவள் கேட்டுச்சொல்லி அத்தை. சொந்தப் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் வீட்டுக்காரருக்காவது, அதாவது எங்கள் மாமாவுக்காவது, அது ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு பூவரச இலையில் வெள்ளை அரளிப்பூ, இன்னொன்றில் சிவப்பு அரளிப்பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி, குலுக்கி, தெருக்கோடி மாரியம்மன் காலடியில் போட வேண்டும். வயதுக்கு வராத ஒரு பெண்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். பூக்கட்டிப் பார்ப்பது பல ஊரிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் கல்யாணத்துக்கும் கிணறு வெட்டவும் கேட்பார்கள். கேட்டுச்சொல்லி அத்தை கத்தரிக்காய்க்குக் கேட்டாள்.

பொட்டலம் எடுத்த பெண்பிள்ளை நான்தான். ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை அம்மனுக்குக் கையாக இருந்தவள் நான் என்பதை இங்கே பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகச் சிலேட்டைத் தொட்டதும் இதே கைதான். அப்பா ஜட்கா ஓட்டினார். எழுத்து விஷயத்தில் தமக்கும் தம் குதிரைக்கும் வித்தியாசமில்லை என்பார். ஆகையால் காலையில் கோயிலில் அம்மன் வேலை, பிறகு பள்ளிக்கூடத்தில் படிப்பு வேலை என்று நான் மிகவும் முக்கியமான ஆளாகத் தெருவில் நடமாடினேன். எதிரே வருகிறவர்கள் ஒதுங்காவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

அத்தை வீட்டுச் சமையலை எடுத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு மணமேல்குடிக் கருவாடு என்றால் உயிர். கருவாட்டுக்காரி தெருவில் நுழையும்போதே அவர் எழுந்து நின்றுவிடுவார். ஆனால் அடுப்பில் என்ன ஏறும் என்பது அவர் கையிலும் இல்லை, அத்தை கையிலும் இல்லை. வெள்ளை வந்தால் கருவாடு, சிவப்பு வந்தால் கீரைத்தண்டு. தொடர்ந்து ஒன்பது நாள் சிவப்பு வந்தபோது மாமா ஒரு காரியம் செய்தார். என் கையில் ஒரு பொரிவிளங்காய் உருண்டையை வைத்து அழுத்தினார்.

"தாயி, வெள்ளப் பொட்டலத்து நாருல சின்னதா ஒரு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன். தடவிப் பாத்து எடு. ஆத்தாளுக்கும் புண்ணியம், எனக்கும் புண்ணியம்."

நான் திடுக்கிட்டுப் போனேன். சாமியை ஏமாற்றுவதா! ஆனாலும் உருண்டையைத் தின்றுவிட்டேன். முடிச்சைத் தடவி எடுத்தேன். பிரித்தால் சிவப்பு! கோயிலுக்கு வரும் வழியில் நார் ஈரமாகிவிட்டதென்று அத்தை இரண்டையும் அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறாள். மாமா அன்றும் கீரைத்தண்டை மென்றுகொண்டே அம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்தாராம். 

இன்னொரு முறை அவருக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பல்லைப் பிடுங்கலாமா என்று கேட்டதற்குச் சிவப்பு வந்துவிட்டது. மாமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் தெருவை அளந்தார். கடைசியில் பல் தானாகவே சோற்றோடு விழுந்தது. மனிதர் சந்தோஷத்தில் துள்ளினார். அத்தைக்கோ தாங்க முடியாத கோபம்.

"உத்தரவு இல்லாம எப்படி விழுந்துச்சு? நீங்க நாக்கால தள்ளுனீங்களா இல்லியா? உண்மையச் சொல்லுங்க!"

"சத்தியமா இல்லடி. அதுவாத்தான் விழுந்துச்சு."

"அதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு இவ்வளவு துணிச்சல்?"

ஒரு தடவை கேட்டதை அவள் மறு தடவை கேட்க மாட்டாள். "மறுக்காக் கேட்டா அவள நம்பலன்னு ஆயிருமில்ல?" என்பாள். அவளிடம் இருந்த நல்ல எருமையை வாங்க விராலிமலையிலிருந்து ஆள் வந்தான். அம்மன் விற்க வேண்டாம் என்றாள். எட்டாம் நாள் எருமை காலை நீட்டிவிட்டது. தெருவே உச்சுக்கொட்டியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆத்தா விக்க வேணாம்னுதான் சொன்னா. சாகாதுன்னு சொல்லலியே."

ஒரே மகளையும் இப்படித்தான் கேட்டுக் கட்டிக்கொடுத்தாள். பளிச்சென்று வெள்ளை வந்தது. பதினான்கு வயதில் பெண் கீரனூருக்குப் போய்விட்டாள். மாதம் ஒரு கார்டு வரும். மருமகன் எழுதுவான். படித்துச் சொல்வது நான். "இங்கு அனைவரும் சௌக்கியம், அங்கு சௌக்கியமா" என்று பெரிய பேச்சாளர் மாதிரி ஏற்ற இறக்கத்தோடு படிப்பேன். அத்தை கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். "எம் மவ சொல்லி எழுதுனானா, இவனா எழுதுனானா?" என்று கேட்பாள். அதை அம்மனிடம் அவள் கேட்டதில்லை. ஏனோ என்னிடம்தான் கேட்டாள். கார்டில் அது போட்டிருக்கவில்லை.

இப்படி இருக்கையில் முனிசிபல் எலெக்‌ஷன் வந்தது.

அந்தக் காலத்தில் ஆளுக்கு ஒரு நிறப் பெட்டி. பெட்டிகளைத் திரைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். ஓட்டுப் போடுகிறவர் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய், தமக்குப் பிடித்த நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் வார்டில் இரண்டு பேர் நின்றார்கள். அரிசி மண்டிக்காரருக்கு வெள்ளைப் பெட்டி. வக்கீல் ஒருவருக்குச் சிவப்புப் பெட்டி. வீட்டுவரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் தெருவில் முப்பத்தேழு பேருக்கு இருந்தது. முப்பத்தேழும் கேட்டுச்சொல்லி அத்தையின் இலைப் பொட்டலத்துக்குள்தான் என்பது ஊரறிந்த சங்கதி. இரண்டு பேரும் தினம் மாற்றி மாற்றி அவள் வீட்டு எருமைச் சாணத்தை மிதித்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

மண்டிக்காரருக்கு ஒரே உற்சாகம். "அக்கா, ஆத்தாளே நம்ம கட்சிதான். வெள்ளைன்னா சரின்னுதான அர்த்தம்? அப்பறம் எதுக்குத் தனியாக் கேக்கணும்?"

வக்கீல் கோர்ட்டில் எழுவது போல எழுந்தார். "இதை நான் ஆட்சேபிக்கிறேன்! அம்மனுக்கு உகந்த நிறமே சிவப்புதான். அவ புடவை சிவப்பு, குங்குமம் சிவப்பு. அப்படியிருக்க சிவப்பு வந்தா வேண்டாம்னு வச்சது யாரு? எந்தச் சட்டத்துல இருக்கு? இந்த எலெக்‌ஷன் முடியிற வரைக்குமாவது மாத்திக்கங்கம்மா. சிவப்புன்னா சரி, வெள்ளைன்னா வேண்டாம்."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன் வக்கீலய்யா, ஒங்க கோர்ட்டுல எலெக்சனு வந்தா ஜட்ஜு ஆமான்னு தலையாட்டுறத இல்லேன்னு மாத்தி ஆட்டுவாரா?"

பேச்சு முற்றிக் கைகலப்பு ஆகும்போல் இருந்தது. அப்பா நடுவில் புகுந்து, வெள்ளையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம், இந்த ஒரு தடவை மஞ்சள் செவ்வந்தியும் துளசியும் வைத்துக்கொள்ளலாமே என்றார். இரண்டு வேட்பாளர்களும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "நல்லாருக்கே! ஒங்க ஓட்டுக்காக ஆத்தா இந்த வயசுல புதுப் பாசை படிக்கணுமாக்கும்" என்று பால் செம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெரு முழுவதும் கோயில் முன் கூடியது. வேட்பாளர்கள் இருவரும் எதிரெதிரே கைகட்டி நின்றார்கள். நான் பாவாடையைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். மகாராஜா பட்டமேறும் நாளில்கூட இவ்வளவு பேர் மூச்சைப் பிடித்திருக்க மாட்டார்கள்.

முதலில் வெள்ளைப் பெட்டிக்கு. எடுத்தேன், பிரித்தேன். சிவப்பு! மண்டிக்காரர் முகம் செத்துவிட்டது. வக்கீல் வாயெல்லாம் பல்லாகி, தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். அடுத்துச் சிவப்புப் பெட்டிக்கு. எடுத்தேன், பிரித்தேன். அதுவும் சிவப்பு!

 நானே பயந்துபோய்க் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அத்தை மட்டும் கலங்காமல் மூன்றாவது கேள்வி கேட்டாள். "ரெண்டு பேரையும் வேணாம்னுட்ட. அப்ப ஓட்டுச்சாவடிக்காவது போறதா, வேணாமா?" எடுத்தேன். வெள்ளை. போக வேண்டும்!

யாருக்கும் போடக் கூடாது, ஆனால் போக வேண்டும். இந்தப் புதிரை எங்கள் தெரு எப்படி அவிழ்த்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குத் தலை சுற்றுகிறது. எலெக்‌ஷன் அன்று முப்பத்தேழு பேரும் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு சாவடிக்குப் போனார்கள். குமாஸ்தா பட்டியலைப் பார்த்து அத்தையின் பெயரைக் கூப்பிட்டார். அது யாரடா என்று அத்தையே பின்னால் திரும்பிப் பார்த்தாள். "ஒன்னத்தான்டி!" என்று மாமா முதுகில் கையை வைத்துத் தள்ளினார். எல்லோரும் சீட்டு வாங்கினார்கள், திரைக்குப் பின்னால் போனார்கள், இரண்டு பெட்டிகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்கள், சீட்டை முந்தானையிலும் வேட்டி மடியிலும் முடிந்துகொண்டு வெளியே வந்தார்கள். நேராக மாரியம்மன் கோயிலுக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டார்கள்!

சாயங்காலம் எலெக்‌ஷன் ஆபீசர் இரண்டு பியூன்களோடு கோயில் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"அம்மா, அது சர்க்கார் சீட்டு!"

"ஆமாங்க. பத்திரமா இருக்குங்க."

"யாருக்குப் போட்டீங்க?"

"ஆத்தாளுக்குங்க."

"ஆத்தா எலெக்‌ஷன்ல நிக்கலியேம்மா!"

"அவ என்னைக்குங்க உக்காந்திருக்கா? நீங்களே எட்டிப் பாருங்க, நின்ன கோலந்தான்."

ஆபீசர் உண்மையிலேயே எட்டிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "உண்டியல் சாவியக் குடுங்க" என்றார்.

"இருங்க, கேட்டுச் சொல்றேன்."

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர், தலைப்பாகையும் கோட்டுமாக, பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி இலைப் பொட்டலம் எடுக்கும்வரை படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார். சிவப்பு வந்தது. அவர் தம் நோட்டுப் புத்தகத்தில் நீளமாக ஏதோ எழுதினார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீ படிக்கிற பிள்ளையா?" என்றார். "எஸ், சார்" என்றேன், இங்கிலீஷ் தெரியும் என்று காட்ட. "படிக்கிற பிள்ளையா இப்படி!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அன்று ராத்திரி அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இரண்டில் ஒன்று எப்படியும் வரும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஈரமான இலையைத் தொடும்போது கையில் ஒரு நடுக்கம் வரும். அந்த நடுக்கம் கணக்கில் வராது. இன்றைக்கும் எந்தப் பக்கம் நம்புவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மண்டிக்காரர் ஒன்பது ஓட்டில் ஜெயித்தார். அம்மன் பேரில் கேஸ் போட இடமிருக்கிறதா என்று வக்கீல் ஒரு மாதம் புத்தகம் புரட்டினார் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வேறொன்று நடந்தது. கீரனூருக்குச் சவாரி போன அப்பா, அத்தையின் மகளை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போயிருக்கிறார். திரும்பி வரும்போது வண்டிக்குள் அந்தப் பெண்ணைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார். எலும்பும் தோலுமாக இருந்தாள். மூன்று மாதமாகக் காய்ச்சலாம். மருந்து இல்லை, கவனிப்பு இல்லை, மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு பாய். அந்த மூன்று மாதமும் கார்டு தவறாமல் வந்திருக்கிறது. மூன்று கார்டிலும் சௌக்கியம்.

அந்தச் சௌக்கியத்தை ஏற்ற இறக்கத்தோடு படித்தது என் வாய்.  அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே ஒரே ஒரு முறை கேட்டாள்: "ஒரு கார்டுல நாலு எழுத்து எழுத எவ்வளவு நாள் படிக்கணும் தாயி?"

"ஆறு மாசம் போதும் அத்தை."

"ஆறு மாசந்தானா!" என்றாள்.  மகள் மெள்ளத் தேறினாள். கீரனூரான் கூட்டிப்போக வந்தபோது அத்தை பால் கறந்த கையோடு எழுந்து வந்த வேகத்தைப் பார்த்து, வந்த வழியே போய்விட்டான்.

அடுத்த தை மாதம் நான் பெரிய மனுஷி ஆனேன். ஒரே நாளில் எனக்கு இரண்டு உத்தியோகமும் போயிற்று. இனிப் பொட்டலம் எடுக்கக் கூடாது, பள்ளிக்கூடத்துக்கும் போகக் கூடாது. எங்கள் தெருவில் பெரிய மனுஷியானவள் படி தாண்டிப் படிக்கப் போனதாகக் கதைகூடக் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை எங்கள் வீட்டுக்கே வந்து, "ஹைஸ்கூலில் சேருங்கள், சம்பளம் கேட்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா, "அடுப்புக்கு எந்த இங்கிலீசு வேணும்?" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். அப்பா என் முகத்தைப் பார்ப்பார், குதிரை முகத்தைப் பார்ப்பார், இரண்டிலும் பதில் கிடைக்காமல் வெளியே போய்விடுவார். கடைசியில் எல்லோரும் செய்வதையே அவரும் செய்தார். கேட்டுச்சொல்லி அத்தையிடம் போனார்.

"அக்கா, ஆத்தா என்ன சொன்னாலும் சரி. நான் தாண்ட மாட்டேன்."

தீட்டுக் கழிந்த வெள்ளிக்கிழமை. அத்தை என் கண் முன்னால்தான் கட்டினாள். ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி நார். அவள் ஒரு முடிச்சுக்கூட ஏமாற்ற மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஏமாற்றக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். என் ஐந்து வயதுத் தங்கை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அத்தை பிரித்தாள்.

சிவப்பு.

"சரி, சொல்லிட்டா" என்றார் அப்பா.  அம்மா என் தோளைப் பிடித்து, "வா, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.  ஆறு வருஷமாக எத்தனை பேருக்குச் சிவப்பு எடுத்துக் கொடுத்திருப்பேன்! அதை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

அத்தை மட்டும் நகரவில்லை. விரித்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மன் முகத்தையே பார்த்தாள். பிறகு, பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுவது போல் கேட்டாள்:

"ஏன்டி, வேணாங்கிற?"

கூட்டம் விறைத்தது. மாமா வெற்றிலைச் சாற்றைத் தெரியாமல் விழுங்கிவிட்டார்.

"ஒனக்கு என்னடி தெரியும் அதப் பத்தி? நீ எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?"

"அக்கா! அபசாரம், அபசாரம்!" என்று அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மனையா, அத்தையையா என்று தெரியவில்லை.

"நீ சும்மா இரு தம்பி. இது எனக்கும் இவளுக்கும்." அத்தை ஓர் அடி முன்னால் போனாள். "இத்தன வருசத்துல ஒன்ன மறுத்து ஒரு பேச்சுப் பேசியிருக்கனாடி? எருமைய விக்காதன்ன, விக்கல. இந்த மனுசனுக்குக் கருவாடு போடாதன்ன, போடல. எம் மவளக் கீரனூரானுக்குக் குடுன்ன, குடுத்தேன். அந்தப் புள்ளைக்கு நாலு எழுத்துத் தெரிஞ்சிருந்தா, அம்மா, நான் சாகக் கெடக்கேன், வந்து தூக்கிட்டுப் போன்னு ஒரு வார்த்த எழுதியிருக்காதா? ஒன்னக் கேக்கப் போயி நான் அவளப் படிக்கவும் வைக்கல. நேத்து வரைக்கும் நான் கேட்டேன், நீ சொன்ன. இன்னைக்கு நான் சொல்றேன், நீ கேட்டுக்க. இவ படிக்கப் போவா!"

மாரியம்மன் கண் இமைத்தாளா என்று எல்லோரும் பார்த்தோம். காற்றில் விளக்குத்தான் ஒருமுறை அசைந்தது. அதற்கே நாலு பேர் பின்வாங்கினார்கள்.

"குத்தம் வந்துருமேக்கா" என்று அப்பா நடுங்கினார்.

அத்தை அந்தச் சிவப்பு அரளியை எடுத்துத் தன் முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள். "இந்தச் செவப்பு என்னோடது. புள்ளையோடது இல்ல. குத்தம் வந்தா எங்கிட்ட வரட்டும். எங்க வீடு அவளுக்குத் தெரியும், யாருகிட்டயும் வழி கேக்க வேண்டியதில்ல." அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள். "திங்கக்கெழம வண்டியப் பூட்டி நீயே கொண்டுபோயி எறக்கிவிட்டுட்டு வார. இல்லேன்னா ஒன் வீட்டுக்குப் பாலு கெடையாது."

திங்கட்கிழமை வண்டி பூட்டினார்.

அதன் பிறகு தெரு முழுவதும் குற்றம் வரும் வரும் என்று காத்துக்கொண்டிருந்தது. அத்தை தும்மினால், "ஆரம்பிச்சிருச்சு!" என்றார்கள். மாமா குளத்துப் படியில் வழுக்கி விழுந்தபோது கூட்டமாக ஓடிவந்து அத்தை முகத்தைப் பார்த்தார்கள். "இவரு போன வருசமும் இதே படியிலதான் விழுந்தாரு" என்றாள். வெளியே இப்படிப் பேசினாலும், என் பரீட்சை நாட்களில் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்ததை மாமா எனக்குப் பிற்பாடுதான் சொன்னார்.

பூக்கட்டுவதை அன்றோடு விட்டுவிட்டாள். "வாய்க்கு வந்தபடி திட்டிப்புட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்றாள். தினமும் கோயிலைக் கூட்டுவாள், விளக்கு ஏற்றுவாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏற்றுவாள். அம்மனுக்கும் அத்தைக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று தெரு தெரிந்துகொண்டது. யோசனை கேட்க ஆளில்லாமல் ஜனங்கள் திண்டாடினார்கள். அவரவர் காரியத்தை அவரவரே தீர்மானிக்க வேண்டிய கொடுமை வந்தது. மாமாவுக்குத் தினம் கருவாடு கிடைத்தது. பதினோராம் நாள் அவரே தட்டைத் தள்ளி வைத்து, "ஒரு தடவ கேட்டாவது பாரேன்டி" என்று கெஞ்சினாராம்.

நான் ஹைஸ்கூல் கடைசிப் பரீட்சை தேறிய செய்தி வந்த அன்று அத்தை எழுந்து கோயிலுக்குப் போனாள். நான் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றேன். நாலைந்து வருஷத்துக்குப் பிறகு அம்மனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"பாஸாயிட்டா. காதுல விழுந்துச்சா?"

 அப்புறம் அம்மன் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். "சரி விடு. நானும் அன்னைக்குக் கொஞ்சம் கூடத்தான் பேசிப்புட்டேன்" என்றாள். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு உண்டு. கேள்வி மட்டும் கிடையாது.

இப்போது நான் திருச்சியில் உபாத்தியாயினிப் பயிற்சிக்குப் படிக்கிறேன். ஹாஸ்டலில் என்னோடு இருக்கும் பெண்கள், "உனக்குச் சாமி நம்பிக்கை உண்டா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள்.  லீவில் ஊருக்குப் போகும்போது கோயிலில் குனிந்து நுழைந்து கொஞ்ச நேரம் நிற்கிறேன். எனக்கென்று எதுவும் கேட்பதில்லை. அந்தத் தைரியம் எனக்கில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, ராத்திரியில் தூங்க முடியவில்லையாம், அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள் தாயே என்று சொல்லிவிட்டு வருகிறேன்.